சனியைச் சுற்றிய சாம்பார்த் துளி

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். வாலாஜாபாத் பக்கம் பாதி ஊர் அவருக்குச் சொந்தக்காரர்கள், சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். எங்களுக்கு அவர் தூசி சார். முகத்துக்கு நேரே வெறும் சார், முதுகுக்குப் பின்னால் முழுப்பட்டம்.

ஒரகடத்தில் காருக்குப் பின்னால் மாட்டுகிற கேமரா செய்யும் கம்பெனியில் எங்களுக்கு வேலை. வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது முன்னால் சின்னத் திரையில் பின்பக்கம் தெரியுமே, அந்தக் கேமராதான். உள்ளே இருக்கிற கண்ணாடி சுண்டுவிரல் நகம் அளவுகூட வராது. அதில் ஒரு தூசி விழுந்தால் படத்தில் புள்ளி தெரியும். புள்ளி தெரிந்தால் கேமரா குப்பைக்கு. சார் அங்கே குவாலிட்டி. அதாவது மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிற உத்தியோகம். வேறு யாராக இருந்தாலும் சம்பளம் கொடுத்துத்தான் அந்த வேலை செய்யச் சொல்ல வேண்டும். இவர் ஓசியிலேயே செய்திருப்பார்.

நாங்கள் கேமரா பூட்டுகிற லைனுக்குள் போவதற்கு முன் முகம் கழுவ வேண்டும். பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது. மல்லிகைப்பூவைப் பையோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்டிக்கர் பொட்டைக் கழற்றி வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவோம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் கண்ணாடி முழுக்கப் பொட்டாக இருக்கும். என்னுடையது எது, உன்னுடையது எது என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். சார் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவன்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டான். கடைசியில், "இன்னாமா, காதாண்ட வெள்ளையா கீது? போய்க் கழுவினு வா" என்பார். சோப்பு நுரையாக இருக்கும். அவருக்கு அதுவும் தூசிதான்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனுஷன் ஆகாயத்தையும் விடவில்லை.

யாராவது செல்போனில் ஒரு படம் அனுப்புவார்கள். செவ்வாயில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நிலாவில் நாலு மாடிக் கட்டடம், சூரியனுக்குப் பக்கத்தில் பறக்கும் தட்டு என்று வந்துகொண்டே இருக்கும். கம்பெனி பஸ் டிரைவருக்கு இதுவே பொழுதுபோக்கு, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் எங்கள் குரூப்பில் ஒன்றைப் போட்டுவிடுவார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்போதே சாரிடமிருந்து பதில் வந்துவிடும். "தூசி." அவ்வளவுதான். ஒரு வணக்கம் கிடையாது, ஒரு காலை வணக்கப் பூ கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில்தான் விளக்கம் நடக்கும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மேஜை மேஜையாக வருவார். அந்தப் பறக்கும் தட்டு, சூரிய வெளிச்சம் கேமராவுக்குள் இருக்கிற கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி விழுந்த பிம்பம். அந்த நாலு மாடிக் கட்டடம், அவ்வளவு தூரத்திலிருந்து படத்தைச் சுருக்கி அனுப்பும்போது கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரே ஒரு படத்தில் வெள்ளைக் கோடு வந்து அடுத்த படத்தில் இல்லையென்றால், அது வான்வெளியிலிருந்து வந்த கதிர் கேமராவில் பட்டுவிட்டுப் போனது. எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் தட்டை மேஜையில் வைத்துவிடுவார்.

"கேமராவத் திருப்பு. திருப்பினாலும் படத்துல புள்ளி அதே எடத்துல நிக்குதா? அப்ப கேமராவுக்குள்ள தூசி. புள்ளி நகருதா? அப்ப வெளியில நெஜமாவே இன்னமோ கீது. இதுக்கு மேல விஞ்ஞானம் கெடையாது."

பஸ் டிரைவர் விடமாட்டார். "அப்ப அந்தப் பொம்பள, சார்?"

"கல்லு."

"கையெல்லாம் இருக்குது சார்!"

"உனுக்கு மூணு மாசமா கல்யாணம் தட்டிகினே போவுதுல்ல, கல்லுக்கும் கை தெரியும். சாப்புடு."

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பாகப் போனதில்லை. தப்பே செய்யாதவனோடு பழகுவது பெரிய தொல்லை. நாமும் நாலு தடவை சறுக்குவோம், அவனும் ஒரு தடவை சறுக்கட்டுமே என்று ஏங்கிக் கிடக்க வேண்டியிருக்கிறது.

ஆடி மாசம் அவர் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். எங்கள் லைன் பெண்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். நானும் பேச்சியும் போனோம். பேச்சி என் அறைத்தோழி, தென்காசிப் பக்கம். நான் சாத்தூர். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறை, ஒரே கம்பெனி, ஒரே நாளில் சேர்ந்தவர்கள். சாயங்காலம் அம்மன் புறப்பாடு. சாருடைய மச்சான் செல்போனில் ஒரு படம் எடுத்தார். அம்மன் தலைக்கு மேல் பச்சையாக ஒரு ஒளி உருண்டை. அவ்வளவுதான், ஊரே கூடிவிட்டது. ஒரு அம்மா சாமி ஆடத் தொடங்கினாள். மச்சான் கண்ணில் தண்ணீர்.

சார் கூழ்ச் சொம்போடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போனை வாங்கினார். கேமராவைத் திறந்து அம்மனுக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்தார். பச்சை உருண்டை நழுவிக் கொடிமரத்துக்குப் போனது. இன்னும் சாய்த்தார், பக்கத்துவீட்டு மாடிக்குப் போனது. எதிரே கட்டியிருந்த போகஸ் லைட்டைக் காட்டி, "அந்த வெளிச்சம் உன் போன் கண்ணாடியில பட்டுத் திரும்புது. அம்மன் இன்னா, நீ போனச் சாச்சா மாடிப்படி ஏறுவாளா?" என்றார்.

சாமி ஆடின அம்மா பாதியில் நின்றுவிட்டாள். அவளுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, பாவம். மச்சான் போனைப் பிடுங்கிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு ரொம்ப நாள் இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம். சாருடைய மனைவி எங்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இந்த மன்ஷன் எங்க கல்யாண போட்டோவுல என் மூஞ்சில இருந்த மச்சத்தையே தூசின்னு சொல்லி ஸ்டூடியோக்காரனாண்ட சண்டைக்குப் போனவரு. நாமெல்லாம் எந்த மூலைக்கு?" பேச்சி சிரித்து, கூழ் புரையேறிவிட்டது. அன்றைக்கு எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்தது என்று ஒத்துக்கொள்கிறேன். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது தனியாக நின்று உள்ளதைச் சொல்வதற்குத் தில் வேண்டும்.

அந்தத் தில் எதுவரை என்பது பிறகு தெரிந்தது.

கம்பெனியில் குவாலிட்டி மாசம் கொண்டாடினார்கள். உறுதிமொழி, கோலப்போட்டி, வாசகப்போட்டி எல்லாம் முடிந்து கடைசி நாள் சாருடைய சொற்பொழிவு. தலைப்பு, 'விண்வெளிப் படங்களில் வினோதப் பொருள்களா, கேமராக் கோளாறுகளா?' கேன்டீன் சுவரில் வெள்ளையடித்த இடத்தில் புரொஜெக்டர் போட்டார்கள். பிளான்ட் ஹெட் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சார் புதுச் சட்டை, கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற பேனா. பேனாவைப் பிடித்த விதத்தைப் பார்த்தால் ஆகாயத்தையே ஆய்வுக்கு அழைத்து வந்துவிட்டார் போலிருந்தது.

முதல் படம் செவ்வாய். சிவப்பு மண், பாறைகள், மேலே வலது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. சார் பாறையை எல்லாம் விளக்கிவிட்டுப் புள்ளிக்கு வந்தார். "இது செவ்வாயில ஓடுற வண்டியோட கேமராவுல ஒக்காந்த தூசி." அடுத்த படம் நிலா. அதே மூலையில் புள்ளி. "இது சின்னப் பள்ளம். நிழல் விழுந்து கறுப்பா தெரியுது." மூன்றாவது படம் சனி, வளையத்தோடு. பார்க்கவே அழகு. "இங்க ஓரமா ஒண்ணு தெரியுது பாருங்க. இது சனியச் சுத்துற ஒரு துணைக்கோள்" என்று சிவப்பு வெளிச்சத்தை அதன்மேல் வைத்தார்.

பேச்சி என் பக்கத்தில் நெளிந்தாள். நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். இந்தத் துணைக்கோள்தான செவ்வாய்க்கும் வந்துச்சு? நெலாவுலயும் நின்னுச்சு. எங்க போனாலும் நம்ம பொறத்தாலயே வருதே?"

கேன்டீன் மாஸ்டர் எழுந்து போய்ச் சனிக்குப் பக்கத்தில் நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். "நேத்து சாம்பாரு சார்" என்றார்.

பிளான்ட் ஹெட் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவர் சிரித்தபிறகு நாங்கள் சிரிக்காமல் இருந்தால் மரியாதை இல்லையே. பஸ் டிரைவர் மறுநாள் குரூப்பில் சாம்பார் கிண்ணத்தைப் படம் எடுத்துப் போட்டு, 'இங்கே உயிர்கள் வாழ முடியுமா?' என்று கேட்டார். சார் முதல்முறையாகப் பதில் போடவில்லை.

பேச்சியிடம் மட்டும் வந்து, "நல்ல கண்ணுமா உனுக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. சிரித்ததும்தான் வந்தது.

அப்போது நாங்கள் டிரெய்னிகள். அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் வர இருந்தது. எனக்கு அது வெறும் வேலை. பேச்சிக்கு அது கழுத்து. பேர் வந்தால் ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வராவிட்டால் மாமன் மகன் தாலியோடு காத்திருக்கிறான். அவனைப் பற்றிப் பேச்சி சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். "குடிப்பான், ஏட்டி." அவள் அப்பா அவனுக்கு வாக்குக் கொடுத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. வேலை இருக்கிறதே என்றுதான் தள்ளிக்கொண்டே வந்தாள்.

அந்த மாசம் பார்த்து மூன்றாவது வரிசையில் புள்ளி வரத் தொடங்கியது. கேமராவுக்குள் கண்ணாடியை வைத்து மூடுவது பேச்சி. மூடின கேமராவை டெஸ்ட் மேஜையில் வைத்துப் பார்ப்பது நான். எதிரே பெட்டிக்குள் ஒரு வெள்ளை வெளிச்சப் பலகை இருக்கும். அதைக் கேமரா படம் எடுக்க வேண்டும், படம் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். எங்கள் மேஜையில் மட்டும் மேல் மூலையில் மங்கலாக ஒரு சாம்பல் திட்டு. சில கேமரா தேறும், சிலது தேறாது, சிவப்பு விளக்கு எரியும். மற்ற வரிசைகளில் ஒன்றுமில்லை.

சார் வந்து திரையைப் பார்த்தார். நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரித் தலையை ஆட்டினார். "பவுடரு" என்றார்.

"சார், நான் பவுடரே பூசுததில்ல. மஞ்சதான். இங்க வந்த பொறவு அதுவும் கெடையாது" என்றாள் பேச்சி.

"மஞ்சளும் தூளுதானம்மா?"

ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, அத்தனை பேர் முன்னால் அவள் முகக்கவசத்தை இறக்கச் சொல்லி, கன்னத்தில் அவரே துடைத்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது. ஒன்றுமே இல்லை. சார் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கண்ணுக்குத் தெரியாது" என்றார். ஊர் அம்மனையே கண்ணுக்கு நிரூபி என்று கேட்ட மனுஷன், ஒரு பெண்ணின் கன்னத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாததை நம்பினார்.

பழிவாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது அவர் நிஜமாகவே நம்பினார். கேன்டீனையே சிரிக்கவைத்தவளிடம்தான் தூசி இருக்கும் என்று மனசு முதலில் சொல்லிவிட்டது, கண் அதற்குப் பின்னால் போனது. பேச்சி தினமும் மூன்று தடவை முகம் கழுவினாள். தோல் உரிந்து கன்னம் எரிந்தது. அறையில் தேங்காயெண்ணெய் தடவக்கூடப் பயந்தாள், அதையும் எண்ணெய்ப்பிசுக்கு என்பாரோ என்று. ராத்திரியானால் சாரைத் திட்டித் தீர்ப்பாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாள். அதோடு கெட்ட வார்த்தையும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்வாள். தென்காசியில் அதற்குப் பஞ்சமில்லை.

லிஸ்ட் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு மண்டையில் உறைத்தது. இத்தனை கேமராவிலும் ஒரே இடத்திலா தூசி உட்காரும்? அதற்கென்று சீட் நம்பர் போட்டா வைத்திருக்கிறது? கேமரா அந்த மேஜையில் ஒரு பக்கமாகத்தான் உட்காரும், யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, நேரமும் இல்லை. நான் வயரோடு அதைக் கையில் எடுத்து, கால்வட்டம் திருப்பிப் பிடித்தேன். மேல் மூலையில் இருந்த திட்டு நகர்ந்து கீழ் மூலைக்கு வந்தது. இன்னொரு கால்வட்டம், அந்தப் பக்கம் போனது.

ஓடிப்போய் சாரைக் கூட்டிவந்தேன். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே குழறியது. "சார், திருப்பினா நகருது சார்!"

அவர் என்னிடமிருந்து கேமராவை வாங்கினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். நாலு தடவை. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கம்பெனியிலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. இடுப்புச் சாவியை எடுத்து வெளிச்சப்பெட்டியைத் திறந்தார். பலகைமேல் ஒரு கட்டைவிரல் ரேகை, எண்ணெய்ப்பசையாக. அந்தப் பெட்டிக்கு இருந்தது ஒரே சாவி. கையுறை போடாமல் எதையும் தொடுகிற உரிமையும் அந்த ஹாலில் ஒருவருக்குத்தான் இருந்தது.

சார் பைக்குள்ளிருந்து துணியை எடுத்துத் துடைத்தார். பெட்டியைப் பூட்டினார். திரை பால் வெள்ளையாக இருந்தது.

"அப்ப பேச்சி, சார்?"

"நான் பாத்துக்கறேன். நாளிக்கு லிஸ்ட்டு வரட்டும். நீ யாராண்டயும் சொல்லாத, கம்முனு இரு."

நான் நம்பினேன். அம்மன் முன்னால் ஊரையே எதிர்த்து நின்றவர் ஆயிற்றே. பேச்சியிடம் சொல்லவில்லை, நாளைக்கு லிஸ்ட்டைப் பார்த்தே சந்தோஷப்படட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பெருமாள்கோயிலில் அவளைத் தென்காசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் இறங்கிப் போய்ச் சண்டை போடுவாள், யார் சொன்னது என்று கேட்பார்கள், என் பெயர் லிஸ்ட்டிலிருந்து போய்விடும். பயந்தேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை இல்லை.

மாசக் கடைசியில் அதே கேன்டீன் சுவரில் சார் ஒரு கோட்டுப்படம் போட்டார். சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். சிவப்புக் கோடு மலை மாதிரி ஏறி, பேச்சி போன வாரத்தில் தொபுக்கென்று தரைக்கு விழுந்தது. "ஆள மாத்தினோம். தூசி நின்னு போச்சு. ஆதாரம் இதோ" என்று சிவப்பு வெளிச்சத்தைக் கோட்டின்மேல் ஓட்டினார். பிளான்ட் ஹெட் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். சார் என் பக்கம் பார்த்தார். நானும் தட்டினேன்.

மூன்று மாசம் கழித்துப் பேச்சி போன் செய்தாள். கல்யாணம், தை மாசம், மாமன் மகன்தான், வந்துவிடு என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வைக்கப்போகும்போது, "ஏட்டி, ஒண்ணு கேக்கணும். நான் ஊருக்கு வந்த பொறவு அந்தப் புள்ளி வருதா?" என்றாள்.

வரவில்லை என்றேன்.

"அப்பம் சார் சொன்னது சரிதான் போல. என்கிட்டதான் என்னமோ இருந்திருக்கு. நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தபடி அவர ஏசிட்டேன், பாவம். நான் மன்னிப்புக் கேட்டேன்னு மறக்காமச் சொல்லிரு, என்னா?"

மறுநாள் பொட்டுக்கண்ணாடிக்குப் பக்கத்தில் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சொன்னேன். அவர் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கொஞ்சம் யோசித்தார், பிறகு பெரிய மனசோடு தலையை ஆட்டினார்.

"பரவால்லமா. சின்னப் பொண்ணுதான? நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிடு."